கேட்டால் மெத்தை வரும்

அந்த மெத்தை கம்பெனியில் கணினிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றதும் யாரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, அதில் ஒரு மேசை, திரும்பும்போதெல்லாம் அழுகிற ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் ஒட்டக்கா. பிரிவு அதோடு முடிந்தது. மேலே யாராவது தடதடவென்று இறங்கினால் அவள் தலையில் சுண்ணாம்பு உதிரும். அதையும் அவள் தட்டிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாளே தவிர, வேறு அறை கொடுங்கள் என்று வாயைத் திறந்து கேட்டவள் இல்லை.

ஒட்டக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். எதையும் தூக்கிப் போட மனசு வராது அவளுக்கு. வார் அறுந்த செருப்பு, கம்பி நிமிர்ந்த குடை, கைப்பிடி போன கோப்பை, எது கிடைத்தாலும் ஒரு ஒட்டுப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடுவாள். அவள் கைப்பையைத் திறந்தால் பவுடர் இருக்காது, பசை இருக்கும். முன்பதிவுப் பிரிவில் இருக்கிற கீபோர்டுகளில் ‘ரத்து’ பொத்தான் மட்டும் அடிக்கடி தேய்ந்து கழன்று வரும். மற்ற பொத்தான்கள் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்க, இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படிச் சாகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பசையை எடுத்தாள், ஒட்டினாள், போனாள். இந்தப் பொத்தானைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மானத்தை வாங்கப்போகிறது.

கம்பெனி ஓடிக்கொண்டிருந்ததே அவள் எழுதிய மூன்று புரோகிராம்களில்தான். ஒன்று கிடங்கில் எத்தனை மெத்தை இருக்கிறது என்று சொல்லும். ஒன்று விலை சொல்லும். மூன்றாவது, எந்த லாரி எந்தத் தெருவுக்கு என்றைக்குப் போகும் என்று சொல்லும். இதற்கு டெலிவரி புரோகிராம் என்று பெயர். மூன்றும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஓடும், ஒன்றோடொன்று பேசாது. வாடிக்கையாளர் போன் செய்தால் முன்பதிவுப் பெண்கள் மூன்று திரைக்கும் மாறி மாறி ஓடிப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அழகு கிடையாது, ஆனால் ஒரு நாள்கூடத் தப்பாகச் சொன்னது கிடையாது.

வீட்டில் அவள் பெருமை வேறு மாதிரி. அவளுடைய மாமியாருக்குப் பல வருடமாக ஒரே சந்தேகம். “எழுதி முடிச்சாச்சுன்னு சொன்னியே, அப்புறம் தினமும் எதுக்கும்மா போற?” என்பார். கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சாது. ஆனால் தொழில் அவர் வலது காலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கி அமுக்கிப் பழகியவர், பேருந்தில் போனாலும் அமுக்குவார், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது எதிரே கார் வந்தாலும் அமுக்குவார். சோபாவுக்கு முன்னால் தரையில் பெயின்ட்டே போய்விட்டது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், “நானா? எப்ப?” என்று சத்தியம் செய்யாத குறையாகக் கேட்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெத்தை கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வீட்டு மெத்தை எப்படி இருந்தது தெரியுமா? நடுவில் குழி. இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் படுத்தால், கொஞ்ச நேரத்தில் இருவரும் உருண்டு நடுவில் வந்து முட்டிக்கொண்டு கிடப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிணறு. மாற்றலாமே என்றால் ஒட்டக்கா, “இன்னும் நல்லாத்தானே உழைக்குது” என்பாள். கணவரும் அதற்கு மேல் வற்புறுத்தியதில்லை. ஏன் என்று நாம் கேட்க வேண்டாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தவர் முதலாளியின் மருமகன். பெரியவர் ஓய்வு எடுத்துக்கொண்டு பொறுப்பை இவரிடம் கொடுத்தார். அலுவலகம் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை சார் என்று பெயர். கெட்டவர் இல்லை, ஆனால் எதைப் பார்த்தாலும் புதுசாக வாங்க வேண்டும் அவருக்கு. வந்த கையோடு கோட்டுப் போட்ட ஒரு விற்பனையாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரே பெரிய மென்பொருள், அதற்குள்ளேயே எல்லாம் இருக்கும், பழைய மூன்றையும் குப்பையில் கொட்டிவிடலாம் என்று கோட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டார். பழையதைப் பற்றிச் சொல்லும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

பழைய புரோகிராம் போனால் படிக்கட்டு அறையும் போகும். அப்புறம் ஒட்டக்காவை என்ன செய்வது? அதற்கும் மாப்பிள்ளை சார் வழி வைத்திருந்தார். ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு, அங்கே கணக்கெழுத ஆள் வேண்டும், போய் இருந்துகொள்ளட்டும் என்றார். கணவரின் டிரைவிங் ஸ்கூல் இங்கே, மாமியார் இங்கே, அவள் மட்டும் அங்கே ஒரு வாடகை அறையில். கேட்டதும், குழி இல்லாத ஒரு தட்டையான கட்டிலில் தான் தனியாகப் படுத்திருப்பதுதான் முதலில் அவள் கண்ணுக்கு வந்தது. அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று, சர்க்கரை டப்பா எங்கே என்று மாமியாரைக் கேட்டாள். சமையலறை அவருடைய ராஜ்ஜியம். யாரும் உள்ளே போய் டப்பாவைத் திறக்கக் கூடாது, வாசலில் நின்று கேட்க வேண்டும், கேட்டால் வந்துவிடும். கணவர் கேட்டாலும் வரும், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் வரும். உள்ளே எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று அந்த வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சர்க்கரையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒட்டக்கா அப்படியே நின்றாள். மாமியார், என்னவோ ஏதோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் மாப்பிள்ளை சார் முன்னால் போய் நின்றாள். பழையதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், மாற்றி எழுதவும் வேண்டாம். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு ஜன்னல் வைக்கலாம். இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் வரும் என்று ஒரு முறை வைத்துவிட்டால், இணையதளமும் கேட்கலாம், போனில் இருக்கிற ஆப்பும் கேட்கலாம், நாளைக்கு வரப்போகிற இன்னொன்றும் கேட்கலாம். உள்ளே அந்தப் பழைய புரோகிராம் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்யும். இந்த ஜன்னலுக்குத்தான் சர்வீஸ் என்று பெயர் என்று விளக்கினாள். கோட்டுக்காரர் சிரித்தார். மாப்பிள்ளை சாருக்கு சர்வீஸ் என்ற வார்த்தை பிடித்துப்போய்விட்டது.

“சரி மேடம். மாசக் கடைசிக்குள்ள செஞ்சு காட்டுங்க. நடந்தா நீங்க இங்க. நடக்கலன்னா கிளைக்குக் கிளம்பிடுங்க. பெட்டி கட்ட ரெண்டு நாள் லீவு தரேன்” என்றார்.

செய்தாள். சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். கம்பெனியின் இணையதளத்தில் ‘எப்போது வரும்?’ என்று ஒரு பொத்தான் முளைத்தது. பெயர், முகவரி, மெத்தையின் அளவு எல்லாம் போட்டு அதை அமுக்கினால், ஜன்னல் வழியாகக் கேள்வி உள்ளே போய், டெலிவரி புரோகிராம் யோசித்து, தேதி வெளியே வரும். பழைய திரையைப் பக்கத்திலேயே திறந்துவைத்துக்கொண்டு, இங்கே வருகிற தேதியும் அங்கே காட்டுகிற தேதியும் ஒன்றுதானா என்று நூறு தடவை சரிபார்த்தாள். ஒன்றேதான். மனசு குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து சொன்னபோது, மாமியார் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, “பரவால்லையே” என்றார்.

மாசக் கடைசியில் பெரியவரோடு வந்து பார்வையிடுவதாக நாள் குறித்த மாப்பிள்ளை சார், அதற்கு முந்தைய வாரமே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் தளத்துக்குப் போய் அமுக்கிப் பாருங்கள், வாங்க வேண்டாம், சும்மா கேட்டுப் பாருங்கள் என்றார். சும்மா என்றால் யார்தான் விடுவார்கள்? அமுக்கினார்கள். ஒட்டக்காவின் கணவருக்கோ தலைகால் புரியவில்லை. பெண்டாட்டி செய்த பொத்தான் அல்லவா. காலையில் எழுந்ததும் ஒரு அமுக்கு, சாப்பிட்டதும் ஒரு அமுக்கு, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் சிக்னலில் நிற்கும்போது, “இங்க பாருங்க, எங்க வீட்ல செஞ்சது” என்று காட்டி ஒரு அமுக்கு. கோட்டுக்காரரும் விடவில்லை. எங்கேயாவது தப்பு வராதா என்று வீட்டில் உட்கார்ந்து பெயரை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

வாரம் முடிவதற்குள் கிடங்கு காலியாகிவிட்டது. லாரிகளும் நிற்க நேரமில்லாமல் ஓட ஆரம்பித்தன. மாப்பிள்ளை சாருக்கு வாயெல்லாம் பல். சும்மா கேட்டுப் பார்க்கச் சொன்னதற்கே இத்தனை பேர் வாங்குகிறார்களே என்று பூரித்துப்போய், தொழிற்சாலையில் இன்னொரு ஷிஃப்ட் போடச் சொன்னார். ஏன் எதற்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வியாபாரம் நன்றாக நடக்கும்போது காரணம் கேட்கிற ஆளை இதுவரை யாராவது பார்த்திருக்கிறோமா?

பார்வையிடும் நாளுக்கு முதல் நாள் குட்டு வெளிப்பட்டது. பெரியவரின் மனைவி, அதாவது மாப்பிள்ளை சாரின் மாமியார், பொழுதுபோகாமல் நாலு தடவை அமுக்கியிருந்தார். அவர் வீட்டு வாசலில் நாலு இரட்டை மெத்தைகளை இறக்கி, கையெழுத்துப் போடுங்கள் என்று நின்றார் லாரிக்காரர். கோட்டுக்காரர் வீட்டில் நிலைமை இதைவிட மோசம். முன்வாசல் அடைத்துப்போய் மனுஷன் பின்பக்கமாக ஏறிக் குதித்து அலுவலகத்துக்கு வந்தாராம். ஊரில் பாதிப் பேர் போன் செய்து, நாங்கள் கேட்கத்தானே செய்தோம், எதற்கு மெத்தை அனுப்பினீர்கள் என்று திட்டினார்கள். மீதிப் பேர் சத்தம் காட்டாமல் மெத்தையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை சார் முகத்தில் ஈ ஆடவில்லை. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து வந்து, நாளைக்குக் காலையில் எல்லார் முன்னாலும் இது ஒழுங்காக நடந்தால் நடந்தது, இல்லையென்றால் அப்படியே கிளைக்குப் பேருந்து ஏறிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, நிமிரும்போது படியில் தலையை இடித்துக்கொண்டு போனார். ஒட்டக்கா நாள் முழுக்க ஜன்னலைத் தேடினாள், புரோகிராமைத் தேடினாள், தப்பே கிடைக்கவில்லை. அவள் சரிபார்த்தபோதெல்லாம் தேதி வந்ததே தவிர, ஒரு மெத்தைகூட வரவில்லையே! ஊரார் கேட்டால் மட்டும் எப்படி வருகிறது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தெருவை அடைத்துக்கொண்டு லாரி நிற்கிறது. கணவர் அமுக்கிய அமுக்குகளுக்கெல்லாம் பதில் வந்திருந்தது. கூடத்தில் மெத்தை, சமையலறை வாசலில் மெத்தை, மாமியார் ஒரு மெத்தைக் குவியலின் உச்சியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கத் தெரியவில்லை அவருக்கு. இன்னும் இறக்க வேண்டியது இருக்கிறது என்று லாரிக்காரர் வண்டியைப் பின்பக்கமாக வாசலுக்கு எடுத்தார். மதில் சுவர் நெருங்கியது.

வாசலில் சும்மா நின்றிருந்த கணவரின் வலது கால், தரையை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கியது.

ஒட்டக்கா அந்தக் காலையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கி, சுண்டுவிரலைப் பார்த்தாள். பழைய திரை எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு காற்றில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தாள். தேதி வந்ததாக நினைத்துக்கொண்டாள். சுண்டுவிரல் அவளைக் கேட்காமலே மூலைக்குப் போய் ஒரு தட்டுத் தட்டியது. ரத்து.

“ஐயோ கடவுளே” என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியவளே மறந்துபோன விஷயம் இதுதான். அந்த டெலிவரி புரோகிராமுக்குச் சும்மா கேட்பது என்றால் என்னவென்றே தெரியாது. தேதி தெரிய வேண்டுமானால் மெத்தையைப் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால்தான் தேதி சொல்லும். அதனால் ஆரம்பத்திலிருந்தே முன்பதிவுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், பதிவு செய்வார்கள், தேதியைப் பார்ப்பார்கள், போனில் சொல்வார்கள், உடனே ரத்து. ஆள் குறைந்த நாட்களில் ஒட்டக்காவும் முன்பதிவு இருக்கையில் உட்கார்ந்து அதையேதான் செய்தாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, விரல் பார்த்து விரல் கற்றுக்கொண்டது. புரோகிராமில் பாதி கம்ப்யூட்டரில் இருந்தது, மீதி சுண்டுவிரலில் இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் இருந்த பாதிக்கு மட்டும் ஜன்னல் வைத்துவிட்டாள். சரிபார்த்த நூறு தடவையும் பக்கத்துத் திரையில் பெயரைப் பார்த்ததும் அவள் விரல் பாட்டுக்கு ரத்து செய்துவிட்டது. கீபோர்டில் அந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் ஆயுசு குறைவாக இருந்ததன் காரணமும் அப்போதுதான் புத்திக்கு எட்டியது. இத்தனை வருடம் பசை போட்டவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசித்திருக்கக் கூடாதா!

அவள் எழுந்து, தெரு என்றும் பார்க்காமல், கணவரின் வலது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் பயந்துபோய், “நான் ஒண்ணும் பண்ணலையே” என்றார்.

விடிந்ததும் வேலை சுலபமாக முடிந்தது. ஜன்னலை இரண்டாக்கினாள். ஒன்று கேட்பதற்கு. அது உள்ளே போய்ப் பதிவு செய்து, தேதியைக் குறித்துக்கொண்டு, தானே ரத்தும் செய்துவிட்டுத்தான் வெளியே பதிலைச் சொல்லும். இன்னொன்று உண்மையிலேயே வாங்குகிறவர்களுக்கு. பழைய புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அவளுடைய சுண்டுவிரலைத்தான் ஜன்னலுக்குள் வைத்தாள் என்று சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை சாரும் கோட்டுக்காரரும் பெரியவரும் வந்தார்கள். தளத்தில் மாப்பிள்ளை சார் அமுக்கினார், தேதி வந்தது. எல்லாரும் திரையை விட்டுவிட்டு ஓடிப்போய் வெளியே லாரி நிற்கும் இடத்தை எட்டிப் பார்த்தார்கள். லாரிக்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அமுக்கினார், மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பெரியவர் அமுக்கினார். கோட்டுக்காரர் இரண்டு கையாலும் அமுக்கினார். லாரி அசையவில்லை. ஒட்டக்காவின் கண் லாரியின் சக்கரத்திலேயே இருந்தது. கடைசியில் பெரியவர், வாங்கும் ஜன்னலில் நிஜமாக ஒன்றை அமுக்கினார். கிடங்கில் ஆர்டர் மணி அடித்தது, லாரிக்காரர் குச்சியை எறிந்துவிட்டு எழுந்தார்.

மாப்பிள்ளை சார் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “மேடம், அந்தப் பழைய மாதிரியே விட்டுட்டா என்ன? வியாபாரம் நல்லா இருந்துச்சே” என்று கேட்டார். முடியாது என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, கிளைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். கோட்டுக்காரர் பெட்டியை மூடிக்கொண்டு, தன் வீட்டில் குவிந்த மெத்தைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றை மட்டும் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதுகுவலி போயே போய்விட்டதாம்.

வீட்டிலிருந்த மெத்தைகளும் போயின, மாமியாரும் தரைக்கு வந்தார். அடுத்த விடுமுறை நாள் மதியம், ஒட்டக்கா நிம்மதியாக ஒரு வாளிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. லாரி. பின்பக்கமாக வருகிறது. அதில் ஒரு மெத்தை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போச்சு, ஜன்னல் மறுபடி உடைந்துவிட்டது, இந்தத் தடவை பேருந்துதான் என்று முடிவே செய்துவிட்டாள்.

“யாரு அமுக்கினது? அத்தை, நீங்களா?” என்று கத்தினாள். மாமியார், தான் அந்தப் போனைத் தொடுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார்.

கணவர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். “நான்தான்.”

“ஏங்க, கேக்க வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“கேக்கல. இது ஆர்டர்” என்றார் அவர். “நீ ஊருக்குப் போக வேண்டாம்னு ஆச்சுல்ல. அதுக்குத்தான்.”

ஒட்டக்கா முந்தானையால் மெத்தையின் உறையைத் துடைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது. அந்தக் கிணற்றைத் தூக்கி இப்போதே தெருவில் போடுங்கள் என்று மாமியார் உத்தரவிட்டார். கணவர் பழைய மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். ஒட்டக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். “பழசு அது பாட்டுக்கு இருக்கட்டும். இதை மேல போடுங்க” என்றாள்.

போட்டார்கள். பார்க்க ராஜா வீட்டுப் படுக்கை மாதிரி மேடாக, தட்டையாக, புத்தம் புதுசாக இருந்தது. சோதித்துப் பார்க்க அவள் இந்த ஓரத்தில் படுத்தாள், அவர் அந்த ஓரத்தில் படுத்தார். இருவரும் கூரையைப் பார்த்தபடி, அசையாமல், பரீட்சை எழுதுகிறவர்கள் போலக் காத்திருந்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியில் எங்கேயோ ஒரு ஸ்பிரிங் முனகியது. மெதுவாக, மிக மெதுவாக, புது மெத்தை நடுவில் அமுங்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் உருண்டு வந்து, தோளோடு தோள் முட்டி நின்றார்கள்.

“உள்ள இருக்கிறது வேலை செய்யுது” என்றாள் ஒட்டக்கா.

அவருடைய வலது கால் மட்டும், நேரம் கடந்து, ஒரு தடவை பிரேக்கை அமுக்கியது.